கிணற்றடிச் செருப்பும் சகலை வீட்டுக் கல்யாணமும்

இராஜபாளையம்,
செப்டம்பர் 11.

'மேற்குமலைத் தடயம்' மாத இதழின் ஆசிரியர் திரு. வேல்பாண்டி அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் ஆயுள் சந்தாதாரரும், ஓய்வுபெற்ற நூற்பாலை மேற்பார்வையாளரும், தாங்கள் பதினாறு மாதம் தொடராக வெளியிட்ட 'கல்யாணக் கிணறு' கொலைக் கதையில் பெண்ணைப் பெற்றவராக வருபவருமான த. ஐயாதுரை வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் என் மனைவி ஞானபாக்கியமும் நலம். தங்கள் வீட்டிலும் அச்சகத்திலும் எல்லோரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். நலமில்லாதது ஒன்றே ஒன்று. அது தங்கள் இந்த மாத இதழின் பின்னட்டை.

அந்த அட்டையில் "கல்யாணக் கிணறு, பாகம் இரண்டு! இம்முறை ஸ்ரீவில்லிபுத்தூரில்!" என்று சிவப்பு எழுத்தில் அறிவித்து, அதன் கீழே என் சகலை சூசையின் படத்தைக் கோட்டும் சூட்டுமாகப் போட்டிருக்கிறீர்கள். என் மனைவியின் தங்கை தேவகிருபையைக் கட்டியவன் என்பதைத் தவிர அவனுக்கும் இந்தக் கொலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டாம் பாகத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். எனக்குப் பொறாமை என்று யாராவது தங்களிடம் சொல்லக்கூடும். நம்ப வேண்டாம். நான் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சூசை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போட்டு விற்கிறான். நல்ல பால்கோவாதான், நான் மறுக்கவில்லை, இனிப்பு சற்றுக் கூடுதல். நான் என் வீட்டுக்கு மாடி எடுத்த வருடம் அவன் தன் மாடிக்கு லிஃப்ட் வைத்தான். அவன் வீட்டில் யாருக்கும் முழங்கால் வலி கிடையாது, எனக்குத்தான் உண்டு. எனக்கு ஆறு மில்லிமீட்டரில் சிறுநீரகக் கல் வந்தபோது அவனுக்கு ஒன்பது மில்லிமீட்டரில் வந்தது, அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஷோகேஸில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான், என்னிடமும் காட்டினான், "ஒங்களுது கரைஞ்சிருச்சாமே அண்ணாச்சி" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டான். இப்படி எல்லாம் இருந்த அவன் வீட்டில் இல்லாமலிருந்தது ஒரு கொலை. அது என் வீட்டில் இருந்தது.

தங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் தாங்கள் அறியாத ஒரு பகுதி இப்போது தெரியவந்திருப்பதால் திரும்பச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, மே மாதம், தென்காசி ரோட்டு மண்டபத்தில் என் மகள் எலினாவுக்கும் ஜெபினுக்கும் கல்யாணம். சமையல், மாஸ்டர் சமுத்திரம். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடக் குழைந்த சோறு போடாதவர் என்று பெயர் வாங்கியவர். சூசை புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது போதகர் முப்பத்தைந்து நிமிடம் ஜெபித்தார் என்பதால், என் மகள் கல்யாணப் பந்தி ஜெபம் அதற்குக் குறையக் கூடாது என்று எங்கள் போதகரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் சொன்ன சொல் தவறாதவர். நாற்பத்தெட்டு நிமிடம் ஜெபித்தார். இரு வீட்டாரையும் பெயர் சொல்லி ஆசீர்வதித்து, வர முடியாதவர்களை அதற்குரிய காரணங்களோடு நினைவுகூர்ந்து, மில்லுக்கும் மழைக்கும் நகராட்சிக் குடிநீர்க் குழாய்க்கும் வேண்டிக்கொண்டு ஒரு வழியாக ஆமென் சொன்னார். ஆமென் சொல்லாமல் இலையில் கை வைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். நாங்கள் கண் திறந்தபோது அண்டாவில் சோறு இருந்தது, சமுத்திரம் இல்லை. மண்டபத்துக்குப் பின்னாலிருந்த கிணற்றடியில் அவர் செருப்பும், நீளக் கரண்டியும், சிவப்புக் கறை படிந்த சட்டையும் கிடந்தன.

தீயணைப்பு வீரர்கள் இரண்டு நாள் கிணற்றை இறைத்தார்கள். பதினோரு டம்ளர்களும் ஒரு குத்துவிளக்கும் கிடைத்தன. சட்டையிலிருந்தது கேசரிப் பவுடர் என்று ஆய்வகம் எழுதிக் கொடுப்பதற்குள் ஊர் கொலை என்று முடிவு செய்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பாலகணேஷ் 'காணாமற்போனவர்' என்றுதான் கோப்பில் எழுதிவைத்திருந்தார், ஆனால் அந்தக் கோப்பை அவரைத் தவிர யாரும் படிக்கவில்லை, தங்கள் தொடரை எல்லோரும் படித்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் என் பெயரை 'த.' என்ற முன்னெழுத்து இல்லாமல் போட்டிருந்தீர்கள். பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் அதற்குப் பின் என் வாழ்க்கை மாறிவிட்டது. சலூனுக்குள் நான் நுழைந்தால் பாதி சவரத்தில் இருப்பவர்கூட எழுந்து இடம் கொடுத்தார். கல்யாண வீடுகளில் "கொலை நடந்த வீட்டுக்காரவிய வந்திருக்காவ" என்று சொல்லி முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். அந்த நேரங்களில் சூசை மூன்றாம் பந்திக்குக் காத்துக்கொண்டு நிற்பான். அவனை நான் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். அறுபத்தாறு வயதில் எனக்குச் சோறு உடம்பில் ஒட்ட ஆரம்பித்தது அப்போதுதான்.

போன மாதம் அவன் மகள் ரெனிட்டாவுக்கும் பெனினுக்கும் கல்யாணம். அதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன், ஆடம்பரத்துக்கும் ஓர் அளவு உண்டு. மாப்பிள்ளைக்கு முன்னால் இரண்டு இராஜபாளையம் நாய்கள் கழுத்தில் பட்டு 'போ டை' கட்டிக்கொண்டு நடந்தன. எங்கள் ஊர் நாய்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்ன வேலை என்று தெரியவில்லை. மோதிரத்தை டிரோன் கொண்டுவந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் புகைக்குள்ளிருந்து வந்தார்கள், எந்தப் பெண், எந்த மாப்பிள்ளை என்று தெரியச் செத்த நேரம் ஆனது. ஆளுயரத்துக்குப் பால்கோவாக் கோபுரம். இலையில் நாற்பத்திரண்டு வகை. பந்தி ஜெபம் இரண்டே நிமிடம், டிரோனில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்றார்களாம். பந்தியில் சாப்பிடுகிறவர்களைச் சாப்பிடாதவர்கள் பார்ப்பதற்காக நாற்பது அடி அகலத்தில் எல்இடி திரை. என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தான்.

இலையில் சோறு விழுந்தது. பக்கத்து இலைக்காரர் ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "ஒரு கொதிக்கு முந்தியே எறக்கியிருக்கணும்" என்றார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். உலகத்தில் அப்படி நசுக்குகிறவர் ஒருவர்தான், அவரும் மூன்று வருடத்துக்கு முன்பே செத்துவிட்டார்.

"சமுத்திரமா?" என்றேன்.

"ஆமாய்யா. நல்லாருக்கியளா? தங்கச்சி எலினா சொகமா?"

"ஏலே, நீ செத்துல்ல போயிட்ட?"

"ஊருல அப்படித்தான்யா சொல்லுதாவ."

"பொறவு இங்க என்ன பண்ணுத?"

"சோறு கொழஞ்சு போச்சுய்யா அன்னைக்கு. போதகரய்யா ஜெபத்த முடிக்கவே இல்ல, நான் என்ன செய்ய? மொகத்த எங்க கொண்டு வைக்கன்னு செவுரு ஏறிக் குதிச்சு கூமாப்பட்டிக்குப் போயிட்டேன். தென்னந்தோப்புக் காவல். மாசாமாசம் தொடரு படிச்சேன். கடைசிவரைக்கும் படிச்சும் என்னைக் கொன்னது யாருன்னு போடாமலே முடிச்சிட்டாவ. பெரிய மனுசங்க கூடுத எடம், யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்னு கேட்டுப்போட்டுப் போவலாம்னு வந்தேன்."

(அவர் சம்சாரம் இருளம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாததை அதிர்ச்சி என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தீர்கள். அதிர்ச்சி அல்ல. அந்த அம்மாள் வாராவாரம் தூக்குச்சட்டியோடு கூமாப்பட்டி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.)

"எய்யா சமுத்திரம், ஒனக்குப் புண்ணியமாப் போவும், எந்திரிச்சுப் பின்வாசல் வழியாப் போயிரு" என்றேன். வாழ்நாளில் ஒரு சமையல்காரரிடம் நான் கெஞ்சியது அன்றுதான்.

"பாயாசம் இன்னும் வரலையேய்யா" என்றார்.

அந்தச் சமயத்தில் கேமராக்காரர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் இலையைத் தூக்கிச் சமுத்திரத்தின் முகத்தை மறைத்தேன். இலையில் சாம்பார் இருந்ததை மறந்துவிட்டேன். நாற்பது அடித் திரையில் சாம்பார் முதலில் என் பட்டுச் சட்டையில் இறங்கியது, பிறகு இலை கிழிந்து, கிழிசல் வழியாகக் கொலையுண்டவரின் முகம் தெரிந்தது. பந்தி முழுக்கக் கை நின்றுவிட்டது. எதிர் வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் பாலகணேஷ் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். "யோவ், ஒனக்காக ரெண்டு நாளு கெணத்த எறச்சேன்யா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அந்த மண்டபத்தில் என் துக்கத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

சூசை மைக்கைப் பிடித்துவிட்டான். "எங்க அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்துல செத்தவரு, நம்ம வீட்டுக் கல்யாணத்துல உசுரோட உக்காந்து சாப்பிடுதாரு! எல்லாரும் ஜோராக் கை தட்டுங்க!" தட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். கேட்டதற்கு, "எல்லாரும் தட்டுதாக, நான் மட்டும் சும்மா இருந்தா என்ன நெனைப்பாக? நீங்கதான் கொன்னீகன்னு நெனைக்க மாட்டாகளா?" என்றாள்.

அன்றிலிருந்து சமுத்திரத்தைச் சூசை தன் வீட்டு அவுட்ஹவுஸில் வைத்துக்கொண்டு, சிறுநீரகக் கல்லைக் காட்டி முடித்தபின் அவரையும் காட்டுகிறான். போன வாரம் சலூனில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும் "ஒங்க வீட்டுல கொலையே நடக்கலையாமே" என்று, நான் ஏதோ ஏமாற்றிவிட்டது மாதிரி கேட்டார்.

ஆசிரியர் அவர்களே, தாங்கள் நியாயஸ்தர். கொலைக் கதையின் இரண்டாம் பாகத்தில் ஒரு கொலையாவது இருக்க வேண்டாமா? சூசை வீட்டுக் கல்யாணத்தில் யாரும் சாகவில்லை. செத்தவரும் பிழைத்துவிட்டார். நாற்பத்திரண்டு வகை இருந்து ஒரு பிணம் இல்லையென்றால் அதற்குப் பெயர் துப்பறியும் கதை அல்ல, சாப்பாட்டுப் பட்டியல். ஆகவே அறிவிப்பைத் திரும்பப் பெற்று, 'கல்யாணக் கிணறு' என்ற தலைப்பு இராஜபாளையத்துக்கே உரியது என்று அடுத்த இதழில் ஒரு குறிப்புப் போடவும். தங்கள் பேனாவில் மை வற்றாமலும், தங்கள் அச்சு எந்திரத்தில் தாள் சிக்காமலும், தங்கள் பிள்ளைகள் நல்ல இடத்தில் அமைந்து அந்தப் பந்தியில் அனைவரும் அளவோடு ஜெபித்துச் சுகமாய்ச் சாப்பிடவும் ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
த. ஐயாதுரை

பி.கு. (செப்டம்பர் 16): தபாலில் சேர்ப்பதற்குள் ஐந்து நாள் ஓடிவிட்டது. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பாகம் இரண்டைத் தாராளமாக வெளியிடுங்கள். விவரம் பின்வருமாறு.

கடிதத்தை எழுதி முடித்த மறுநாள் மத்தியானம், சூசை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக் கண் அசந்த வேளையில் அவுட்ஹவுஸுக்குப் போய்ச் சமுத்திரத்தைப் பார்த்தேன். மனிதர் வாடியிருந்தார். "செத்துக் கெடந்தப்ப நிம்மதியா இருந்தேன்யா. உசுரோட வந்தன்னைக்கே ஆறு கல்யாணத்துக்குக் கூப்பிட்டாவ" என்றார். திரும்பச் சாகச் சம்மதமா என்று கேட்டேன். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். அதைச் சூசை வீட்டுக் கிணற்றடியில் வைத்தேன். அவர் சட்டையையும் வைத்தேன், கேசரிப் பவுடரை நானே தூவினேன். அவருக்குக் குரங்குக் குல்லாய் மாட்டி டவுன் பஸ்ஸில் அழைத்துவந்து என் வீட்டு மாடியில் தங்கவைத்திருக்கிறேன். கொலைப்பழி வந்தால் சூசை தலைகுனிந்து நடப்பான் என்பது என் கணக்கு. இன்ஸ்பெக்டர் பாலகணேஷ் இம்முறை கிணற்றை இறைக்க மறுத்துவிட்டார், நேராக ஆளைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

நேற்று அவன் தலைகுனிவதைப் பார்க்கப் போனேன். வாசலில் ஏழு டிவி கேமரா. நிற்க இடமில்லாத கூட்டம். பால்கோவா காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். தேவகிருபை கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், அழுகைக்கு நடுவே புடவையின் விலையையும் சொன்னாள். சூசை அதே கோட்டு சூட்டில் நின்று, "என்னைச் சந்தேகப்படுதாங்க, நான் சட்டத்தச் சந்திப்பேன்" என்று பேசிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் கையால் ஒதுக்கி, "அண்ணாச்சி, செத்த ஓரமா நில்லுங்க, கேமராவ மறைக்கிறியளே" என்றான். வீட்டுக்கு வந்தால் ஞானபாக்கியம் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பாருங்க, அவுக வீட்டுக் கொலைக்கு எம்புட்டுக் கூட்டம்! நம்ம வீட்டுக்கு ரெண்டு ஃபயர் வண்டியோட சரி" என்கிறாள்.

ஆகவே இன்று பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய்ச் சமுத்திரத்தைக் கொன்றது நான்தான் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். சட்டை தேய்த்தாகிவிட்டது. நான் ஜாமீனில் வரும்வரை மாடியை விட்டு இறங்கக் கூடாது என்று சமுத்திரத்திடம் சொல்லியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சோறு வந்தால் போதும் என்கிறார், அதிலும் குழையாமல் இருக்க வேண்டுமாம். மற்றபடி ஒன்றே ஒன்று கேட்கிறார். தன்னைக் கொன்றது யார் என்று இந்தத் தடவையாவது கடைசி அத்தியாயத்தில் போடுவார்களா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

போடுங்கள். முன்னெழுத்தோடு போடுங்கள்.