லேசருக்கு நடுவே ஒரு மூக்கு

ஒரு காரியத்தைச் செய்து முடித்தபின் அதைச் சும்மா விடத் தெரியாத ஜீவராசி ஒன்று உங்கள் அக்கம்பக்கத்தில் கட்டாயம் இருக்கும். அடுப்பில் வேகிறதை நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து வேகவிடாமல் செய்யும். பூட்டிய கதவை இழுத்து இழுத்தே தாழ்ப்பாளைக் கையோடு கழற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி தூங்கிவிட்டாளா என்று அவளையே உலுக்கிக் கேட்கும்.

"தூங்கிட்டேன்னு சொல்றதுக்கா என்னை எழுப்பினீங்க?"

அந்த வகைதான் நம் 'எட்டிப்பார்த்தான்'. ஆலைக்காரர்கள் வைத்த பெயர். குளிர்பதனக் கிடங்கில் கரியமில வாயு கசிந்தால் காட்டிக்கொடுக்க லேசர் கருவி ஒன்றை அவர் பொருத்தியிருந்தார். விஷயம் எளிது. இந்தச் சுவரிலிருந்து ஒளி கிளம்பி அந்தச் சுவருக்குப் போகும். வழியில் அந்த வாயு இருந்தால் கொஞ்சத்தை விழுங்கிவிடும். குறைகிற ஒளியை வைத்து வாயுவின் அளவு எண்ணாக வரும். இன்று அதற்குச் சோதனை. பத்து நிமிடம் எண் ஆயிரத்தைத் தாண்டாவிட்டால் அவர் பிரிவுத் தலைவர். தாண்டினால் அந்த நாற்காலி மச்சினனுக்கு. சொந்த மச்சினனுக்குக் கீழே வேலை! அதற்கு வாயுவே தேவலை.

சோதனை அதிகாரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எண் நானூற்றுப் பத்தில் சாதுவாக நின்றது. நம் ஆளால் சும்மா இருக்க முடியுமா? ஒளி போகிற பாதையில் குனிந்து உற்றுப் பார்த்தார். அறுநூறு. "ஐயையோ!" என்று பெருமூச்சு விட்டார். தொள்ளாயிரம். கருவியின் கண்ணாடியில் தூசு போலிருக்கிறது என்று 'உஃப்' என ஊதினார்.

சைரன் அலறியது.

"அத்தான், கொஞ்சம் நகருங்களேன்," என்றான் மச்சினன்.

"நகர்ந்தா யாருடா பார்க்கிறது?"

"நான் பார்க்கறேன். வெளியே நில்லுங்க. இதுதான் கடைசி வாய்ப்பு," என்றார் அதிகாரியம்மா.

வெளியே போனார். எண் மறுபடி நானூற்றுப் பத்துக்கு இறங்கி அசையாமல் நின்றது. ஐந்து நிமிடம், ஏழு, எட்டு. கதவுக்கு வெளியே ஒரு மனிதர் நகம் அத்தனையையும் தின்றுகொண்டிருந்தார். ஒன்பதாவது நிமிடம் கதவு திறந்தது. ஒளிக்கு நடுவே ஒரு மூக்கு நீண்டது.

"மேடம், எல்லாம் சரியாத்தானே போகுது?"

மறுபடி சைரன்.

"கருவியில ஒரு குத்தமும் இல்ல சார். கசியறது நீங்கதான்," என்றார் அதிகாரியம்மா.

மச்சினன் தலைவரானான். அவன் போட்ட முதல் உத்தரவு: கருவிக்கு மூன்று முழத்துக்குள் அத்தான் வரக்கூடாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முதல் பத்தி முடிவதற்குள்ளேயே, இது எங்கே போய் முடிகிறதென்று இந்தக் கடைசி வரியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனது யார்?