இரண்டேகால் மணி நிழல்

வட்டுக்கோட்டை,
புரட்டாதி 3.

சிவமயம்.

அன்புள்ள மருமகன் கோகுலனுக்கு, இளைப்பாறிய தபாலதிபர் தியாகலிங்கம் மாமா எழுதுவது. நாங்கள் உடம்பளவில் சுகம். உமது சுகத்தை மாமி நேற்று நித்திரையில் பிதற்றும்போதே விசாரித்துவிட்டாள்.

நீர் கூரையில் பூட்டித் தந்த வானிலைக் கருவி காலையில் வெப்பம், காற்று, வெயில் எல்லாம் அளந்து, அன்று சோலர் தகடுகள் எத்தனை யூனிற் தரும் என்று சொல்லும். பின்னேரம் மீற்றரைப் பார்த்தால் சரியாகவே இருக்கும். ஆவணி பிறந்ததும் பிசகத் தொடங்கியது. பிற்பகல் இரண்டேகாலுக்கு மேற்குத் தகடுகள் மட்டும் மின்சாரம் தராமல் படுத்துவிடுகின்றன. பத்து நிமிடத்தில் எழும்புகின்றன. முகில் இல்லை. கருவியும் நல்ல வெயில் என்கிறது. தகடு பூட்டிய ஜெரிசன் வந்து வயரெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, உதிலை நிக்கிற தென்னையின்ரை நிழல் விழுகுது,” என்றார். “அதைத்தானே தம்பி நீர் சொல்லி நான் தறிப்பிச்சனான்?” என்றேன். மனுசன் ஏணியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அது மாமி நட்ட மரம். அவள் அரியாலைக்குத் தங்கை வீட்டுக்குப் போன நாள் பார்த்துத் தறிப்பித்தேன். அன்றிலிருந்து “சாப்பாடு போட்டாச்சு” என்பதற்கு மேல் அவள் என்னோடு கதைப்பதில்லை. நேற்று இரண்டேகாலுக்கு, வேறு வழியின்றி அவளையும் கூரைக்குக் கூட்டிப்போனேன். சீமெந்து காலைச் சுட்டது. மேற்குப் பக்கம் போனதும் உள்ளங்கால் குளிர்ந்தது. தகட்டைத் தொட்டேன், கிணற்றுத் தண்ணீர்போல் இருந்தது. மேலே ஓலை உரசும் சத்தம். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமியின் தலைமயிர் காற்றில் பறந்தது. பக்கத்தில் உமது காற்றளக்கும் கிண்ணங்கள் அசையாமல் நின்றன.

“தன்னைத் தறிச்சது அதுக்குத் தெரியாது,” என்றாள் மெல்ல. “நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. சொல்லிப்போடாதேங்கோ.”

நாலு மாதத்தில் அவள் கதைத்த நீளமான கதை அதுதான்.

ஆகவே, கடிதம் கண்டதும் லீவு எடுத்துக்கொண்டு வாரும். கருவி, தகடு எல்லாவற்றையும் கழற்றி இறக்கித் தாரும். வரும் வழியெல்லாம் முருகன் உமக்குத் துணையாக இருப்பானாக.

இப்படிக்கு,
மாமா

பி.கு. (புரட்டாதி 4): வர வேண்டாம். இன்று காலை மேற்குத் தகடுகளுக்கு நடுவே ஒரு தேங்காய் கிடந்தது. நல்ல முற்றல். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. “பாத்துப் போட்டிருக்கு,” என்று சொல்லி மாமி சம்பல் அரைத்தாள். இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். உமது கணிப்பில் தினமும் பத்து நிமிடத்தைக் கழித்துவிடும்.