பென்டிரைவ் துறந்த படலம்

விசைப்பலகை நடுங்க விரல்நடம் புரிவோனும், ஆறிய தேநீரை அமுதென அருந்துவோனும், அக்கா கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ரசீது போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்து அன்றே நிம்மதி இழந்தோனுமாகிய எம் தலைவனின் திருவடிகளை, அவற்றுள் ஒன்றில் மட்டுமே காலுறை இருப்பினும், வணங்கித் தொடங்குகிறோம்.

அம்மென்பொருளில் பிழை திருத்துந்தோறும் புதிய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, பேருந்தில் நசுங்கி, கடைக் கணினியின் முன் சென்று அமர்வது அவன் தலைவிதி. அமர்ந்ததும், கண் பரிசோதனைக்குக் காத்திருக்கும் மாந்தர் அனைவரும் கேட்க, “இவன்தாங்க செஞ்சவன். கண்ணாடி போட்டப்புறம் மூஞ்சிய இன்னொரு தடவ பாத்துக்குங்க” என்று கேலிக்கணை தொடுப்பார் அக்கா கணவர். தைத்த இடத்திலேயே தைக்கும் அக்கணை.

பொறுத்திலன் வீரன். “இனி அக்கடைப் படி மிதியேன். மென்பொருள் தானே இணையம் புகுந்து, புதிய பதிப்பு உளதா என வினவி, தானே அணிந்துகொள்ளும்” எனச் சூளுரைத்தான்.

மூண்டது போர். ஒன்பதாம் பதிப்பையும் பத்தாம் பதிப்பையும் ஒப்பிடச் சொன்னால், எண்ணை எழுத்தென மயங்கிய நிரல், ஒன்றில் தொடங்கும் பத்தே சிறிதெனத் தீர்ப்புரைத்துப் பழையதைக் கட்டித் தழுவியது. மதக்களிற்றை மடக்கும் பாகனென அவ்வரியை மடக்கினான். பணிந்த நிரலோ அளவு மீறிப் பணிந்து, பயணத்தில் “வந்தாச்சா, வந்தாச்சா” என அரிக்கும் குழந்தைபோல் நொடிதோறும் வினவியது. நாளுக்கொரு முறை கேட்டால் போதும் என்று அதன் வாயையும் கட்டினான். ஈற்றில் அவன் மடிக்கணினித் திரையில், கார்கிழித்த கதிரவனென, ‘புதிய பதிப்பு தயார்’ எனும் பெட்டி மலர்ந்தது.

வெற்றிச் சங்கென அலைபேசியை எடுத்து முழங்கினான்: “அக்கா, மாமாகிட்டச் சொல்லு. இனிமே நான் வர வேண்டியதே இல்ல. அதுவே கேட்டு அதுவே மாத்திக்கும்.”

“வரவே மாட்டியாடா?” என்றாள் அக்கா. கடையிலிருந்த அவள் கணினியை எட்டிப் பார்த்து, “இங்க காலைலேர்ந்து கம்முனுதான் கெடக்கு. ஒண்ணும் கேக்கலையே.”

அக்கணம் அண்டங்கள் அதிர உணர்ந்தான்: வினவும் வித்தையைப் புதிய பதிப்புக்கன்றோ கற்பித்தான், கடையில் வீற்றிருப்பதோ வினவவே அறியாப் பழையது. அதற்கு அவ்வித்தையை ஊட்ட ஈரேழு உலகிலும் வழி ஒன்றே. மறுமுனையில் அக்கா கணவர் யாரிடமோ, “கொஞ்சம் உக்காருங்க, செஞ்சவன் வந்துட்டே இருக்கான்” என்பதும் தெளிவாகக் கேட்டது.

இன்னொரு காலுறையைத் தேடிப் போட்டுக்கொண்டு, பென்டிரைவோடு பஸ் ஏறினான்.