காக்கை ஓடை தாவியதா, நகர்ந்ததா?

பெல்நாப் டவுன்ஷிப், மிச்சிகன்
மார்ச் 21

மதிப்பிற்குரிய மச்சான் ஆர்வில் அவர்களுக்கு,

வெண்டல் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும், அங்கே வடக்கில் பனியும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை வெர்னா நலம். நான் நலமில்லை. காரணமும் உங்கள் தங்கைதான்.

நம் பெல்நாப்புக்கும் பக்கத்து ஹார்ட்செலுக்கும் காக்கை ஓடைதான் எல்லை என்பது நீங்கள் அறிந்ததே. மற்ற மூன்று பக்கமும் நூல் பிடித்தது போல நேர்கோடு. அந்தக் காலத்தில் சங்கிலியோடு அளக்க வந்த மகராசன், நாலாவது பக்கம் சதுப்பைப் பார்த்ததும் பூட்ஸை நனைக்க மனமில்லாமல் ஓடையையே எல்லை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்த ஓடை என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒழுங்காக ஓடியது. இரண்டு வருஷம் முன்பு ஒரு பீவர் ஜோடி வந்து, வில்லோ மரங்களைப் பல்லாலேயே அறுத்து அதன் குறுக்கே அணை கட்டியது. நானும் வேலை தெரிந்த பிராணி என்று ரசித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஓடை எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடுகிறது. அதாவது வீடு ஹார்ட்செல் கரையில் நிற்கிறது.

என் டவுன்ஷிப் தலைவர் பதவி மேல் கண் வைத்திருக்கும் நம் ஊர் டெல்மார் கிரெஸ் இதற்காகவே காத்திருந்தான். ஹார்ட்செல் வாசி பெல்நாப்புக்கு எப்படித் தலைவராக இருக்கலாம் என்று மனு போட்டுவிட்டான். நான் இறங்கினால் என் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் அவன் உட்காருவான், இரண்டு ஊரையும் ஒன்றாக்கிவிடுவான், பெல்நாப் என்ற பெயரே இருக்காது. விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா சட்டத்தைப் படித்தார்: ஓடை மெல்ல மெல்ல இடம் மாறினால் எல்லையும் கூடவே மாறும், திடீரென்று தாவினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். நான் ஒரு மாதமாகத் தொண்டை கட்டக் கத்தியதும் அதுதான்: தாவியது, தாவியது, ஒரே ராத்திரியில் தாவியது. பிறகு வெர்னாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

"எங்கேம்மா தாவுச்சு? ரெண்டு வருஷமா பாத்திரம் கழுவிக்கிட்டே பாக்கறேன். வாசல் மொதல்ல ஈரமாச்சு, அப்புறம் சேறாச்சு, அப்புறம் வாய்க்காலாச்சு. பின்பக்கம் நாளுக்கு நாள் இளைச்சுது, முன்பக்கம் நாளுக்கு நாள் பெருத்துது, எங்க வீட்டுக்காரர் மாதிரியே."

சபை சிரித்தது. வீடு ஹார்ட்செலுக்குப் போனது. "ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா என்ன குறைஞ்சிருக்கும்?" என்றேன். "பைபிள் மேல கைய வெச்சுக்கிட்டு பீவர் விஷயத்துல பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்கிறாள். சனிக்கிழமை வரைதான் நான் தலைவர். டெல்மார் நேற்றே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "முதுகுக்கு ஒத்துக்கலண்ணே, வேற வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மச்சான், நீங்கள் இரும்புச் சுரங்கத்தில் முப்பது வருஷம் வெடியோடு புழங்கியவர். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். அந்த அணைக்கு ஒரே ஒரு வெடி போதும், ஓடை பழைய இடத்துக்கு ஓடிவிடும், வீடு பெல்நாப்புக்கு வந்துவிடும். ஷெரீஃபுக்குத் தெரியக் கூடாது. வெர்னாவுக்குத் தெரியவே கூடாது. இதை எழுதும்போது வெளியே மழை கொட்டுகிறது.

அக்கா மார்த்தாவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லாரும் நீண்ட ஆயுளோடும், சொந்த ஊர் எது என்ற சந்தேகம் இல்லாமலும் வாழ என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
வெண்டல் ஸ்ட்ரௌட்

பின்குறிப்பு: வெடி வேண்டாம். மழையில் அணை தானாகவே உடைந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் ஓடை வீட்டுக்குப் பின்னால், பழைய இடத்தில் ஓடுகிறது. நைட் கவுனோடு முற்றத்தில் நின்று, "தாவிடுச்சு, ஒரே ராத்திரியில தாவிடுச்சு" என்று ஊர் கேட்கக் கத்தினேன். வெர்னா காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். "ஏங்க, ஒரே ராத்திரியில தாவினா எல்லை நகராதுன்னு ஒரு மாசமா சொன்னது யாரு?" என்றாள்.

இப்போது ஓடை பின்னால், எல்லை முன்னால், வீடு இன்னும் ஹார்ட்செலில். எதிரே சாலையில் டெல்மார் வண்டியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வரும்போது உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பீவர் ஜோடி பிடித்து வாருங்கள், மச்சான். ஓடை முதலில் பின்னாலிருந்து முன்னால் எல்லைக்குப் போய், பிறகு எல்லையையும் இழுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வர வேண்டும். நிதானமாக வேலை செய்கிற ஜோடியாகப் பாருங்கள்.