மணிக்கூண்டு ஏறக் கிளம்பிய வைஃபை

எங்கள் தேவாலயத்துப் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழாவுக்கு ஊரே வைஃபையில் மிதக்கும் என்று என் கணவர் ரெனான்ட்டே பஞ்சாயத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கூட்டம் கூடினால் எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் எந்த போனும் பேசாது. பெரிய கம்பெனியின் டவர் வண்டியோ பஞ்சாயத்துக்குக் கட்டுப்படியாகாது. இவரிடம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிக்னல் தாவும் பழைய வைஃபை பெட்டிகள் ஒரு பை நிறைய இருந்தன.

"எல்லாத்தையும் தேவாலய மணிக்கூண்டு உச்சியில கட்டிடுவேன். மேலேருந்து சிக்னல் மழையாக் கொட்டும்."

"நிலநடுக்கத்துல விரிசல் விட்ட கூண்டுங்க அது."

"கூண்டே விழுந்தாலும் நான் விழமாட்டேன்."

"அப்ப எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க?"

என் கனவிலும் அவர் விழுவதில்லை. பட்டம் போல மெல்ல மெல்லக் கடல் பக்கம் மிதந்து போய்விடுவார். கூப்பிடுவேன், குரல் வராது. விழித்தால் கைக்குழந்தை என் விரலைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருக்கும்.

திருவிழாவுக்கு முதல் நாள் குழந்தையோடு சதுக்கத்தைச் சுற்றி வீடு வீடாக ஒரு நடை போய்வந்தேன். பொய் சொல்லக்கூடாது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். நல்லவேளை, எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் ஏணியும் பையுமாகக் கிளம்பினார். பின்னாலேயே நானும். திருவிழாவன்று எங்கள் ஊரில் எந்த வாசலும் சாத்தியிருக்காது. கூப்பிட்ட வீட்டில் சாப்பிடாமல் போனால் அடுத்த திருவிழா வரை பேச்சுவார்த்தை கிடையாது.

"தம்பி, வறுத்த பன்றி ஆறுது, உள்ள வா," என்றார் முதல் வீட்டு டெல்ஃபினா அக்கா. சாப்பிட்டதும், "ஜெட்டாவுல வேலை பாக்குற என் பொண்ணு ஊர்வலத்தைப் பாக்கணும்னு அழுவுறா. மாடி ஜன்னல்ல ஒரு பெட்டி வெச்சிட்டுப் போயேன்."

வாய் நிறையக் கறியோடு எப்படி மறுப்பது? வைத்தார். அடுத்த வீட்டில் நூடுல்ஸ், ஒரு பெட்டி. அதற்கடுத்த வீட்டில் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, ஒரு பெட்டி. ஆவியும் வாசனையுமாகச் சதுக்கமே அரைத்தூக்கத்தில் ஆடுவதுபோல இருந்தது. ஏணி எந்த வீட்டில் தங்கிவிட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

மணிக்கூண்டுக்கு முந்தின வீட்டில் கடைசிப் பெட்டியை வைத்தபோது ஊர்வலம் வந்தது. கூட்டத்தில் கைக்குக் கை போன். போனுக்கு போன் ஜெட்டாவும் ஹாங்காங்கும் சிரித்தன.

"பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் கூட்டத்துக்கு எடுக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா," என்றேன்.

அந்த வீட்டு மிலாக்ரோஸ் அக்கா இனிப்புக் கிண்ணத்தோடு வந்தார். "ப்ளக்கு வசதியா இருக்கா தம்பி? எல்லா வீட்டுலயும் ஜன்னல் வரைக்கும் வயர் இழுத்து வைக்கச் சொல்லி உன் பொண்டாட்டி நேத்தே சொல்லிட்டாளே."

அவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"எல்லாத்தையும் நீயே முடிச்சிட்டா, நான் எதுக்கு வந்தேன்?"

"சாப்பிட," என்றேன்.