எப்பவும் போடுறதையே போடுங்க

படித்தவர்களுக்கு உள்ள பெரிய கஷ்டம், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராததுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அதனால் அந்தக் கஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆளில்லாமல், முழுவதையும் நான் ஒருத்தியே அனுபவித்தேன்.

முசிறிப் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருச்சியில் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்து, தென்னூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போனால் திருச்சியையே விலைக்கு வாங்கிவிட்டவள்போல அளப்பேன். "மலைக்கோட்டைக் கடைவீதியில என்னைத் தெரியாதவங்களே கிடையாது" என்றுகூட ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். (தெரிந்தவர் ஒரே ஒருவர், செருப்புத் தைப்பவர். அவருக்கும் என் செருப்பைத்தான் தெரியும்.)

முதல் வருஷம் முடியப்போகும் சமயம். சித்தப்பா அப்பாவின் காதைக் கடிக்க ஆரம்பித்தார். "வயசுப் புள்ளையத் தனியா டவுன்ல விட்டு வச்சிருக்கியே அண்ணே, நல்லாவா இருக்கு? இந்த வருஷத்தோட போதும், கூட்டியாந்துடு." அப்பா அதிகம் பேசுகிறவரில்லை. "நேர்ல போய்ப் பார்ப்போம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து இருவரும் வந்து இறங்கிவிட்டார்கள்.

நான் ஊருக்குத் திரும்புவதா, இரண்டாம் வருஷம் படித்து டீச்சராவதா என்பது அன்றைக்கு முடிவாகவேண்டும். என்ன செய்தால் அப்பா மனம் என் பக்கம் சாயும்? கணக்கில் எப்போதும் முதல் மார்க் வாங்குபவள் நான். அன்றைக்குப் போட்ட கணக்கு இது: திருச்சியில் ஒரு ஹோட்டல்காரருக்கே என்னைத் தெரியும் என்று காட்டிவிட்டால், 'நம்ம பொண்ணு இந்த ஊரில் பிழைத்துக்கொள்வாள்' என்று அப்பாவுக்குத் தைரியம் வந்துவிடும். (இந்தக் கணக்குக்கு மார்க் போட்டது சித்தப்பா. அதைப் பிறகு சொல்கிறேன்.)

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் சின்ன காபி கிளப் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவோம். உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வந்து கையைப் பிடித்து இழுக்கும். வாசல் பலகையில் எழுதியிருந்த பலகாரங்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் உள்ளே கால் வைத்ததில்லை. அந்த ஹோட்டலில் மட்டுமல்ல, எந்த ஹோட்டலிலும்.

கஞ்சி போட்ட வெள்ளை வாயில் புடவையை உடுத்திக்கொண்டு, "வாங்க, டிபன் சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று இருவரையும் அங்கே கூட்டிப்போனேன். ஹால் நிறைய ஆண்கள். பக்கவாட்டில் 'குடும்பத்தினருக்கு' என்று எழுதிய ஓர் அறை, இடுப்பளவுக்கு ஆடுகதவு. அதைத் தள்ளிக்கொண்டு ராணி மாதிரி நுழைந்தேன். கதவு திரும்பி வந்து சித்தப்பா வயிற்றில் இடித்தது. அப்போதே ஆரம்பித்துவிட்டது.

தோளில் துண்டோடு சர்வர் வந்து நின்றார். "என்ன சாப்பிடுறீங்க?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அலட்சியமாகச் சொன்னேன்: "எப்பவும் போடுறதையே போடுங்க."

சர்வர் ஒரு கணம் விழித்தார். அவர் என்னைப் பார்த்ததே இல்லை. நானும் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் பாருங்கள், அவரும் என்னைப்போலவே தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்.

"அதானே! இதோ வந்துடுச்சும்மா" என்று போனார்.

அப்பாவின் புருவம் உயர்ந்தது. "பரவாயில்லையே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சி இலை போடும்வரைதான் இருந்தது.

சர்வர் மூன்று பேருக்கும் இலை போட்டு, இட்லியை வைத்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டே மிகவும் அன்பாகக் கேட்டார்: "இன்னிக்கு சார் வரலீங்களாம்மா?"

அப்பாவின் கையிலிருந்த இட்லி பாதி வழியில் நின்றது.

"எந்த சார்?" என்றார் சித்தப்பா.

"நம்ம சார்தாங்க. கூட வருவாரே! நெய் ரோஸ்ட்டுன்னா சாருக்கு உசிரு. முறுகலாக் கேப்பாரு. அம்மா அதுல பாதியப் பிச்சுக்குவாங்க."

ஒரு ஆண்பிள்ளையின் இலையிலிருந்து பாதி தோசை! எங்கள் ஊரில் தாலி கட்டிய பெண்டுகளே அப்படிச் செய்யக் கூச்சப்படுவார்கள். சித்தப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளி, என் கணக்குக்கு மார்க் போட்டார்.

"கேட்டியா அண்ணே? நான் சொன்னப்ப நம்பலியே!"

"அய்யோ, நான் இந்த ஹோட்டலுக்கு வந்ததே இல்லப்பா! சும்மா சொன்னேன்!" என்று கத்தினேன்.

இதைச் சொன்னதும் நியாயமாகச் சர்வர் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கோ ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஒரு தரம் பார்த்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். போன வாரம்கூட இதே மேஜையிலதான உக்காந்தீங்க? சார் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்."

"பெரியவங்களைப் பார்த்ததும் பயப்படுது. நீங்க போங்க தம்பி" என்று சித்தப்பா அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். இலையையே பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டு முடி. ஹாஸ்டலுக்குப் போயிப் பொட்டிய எடுத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான். டீச்சர் வேலை, கரும்பலகை, நாற்காலி எல்லாம் அந்தச் சாம்பாரில் மூழ்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்பா இலையை மூடினார். சித்தப்பாவும் மூடினார். அதன்பிறகு நான் செய்தது நான் யோசித்துச் செய்ததில்லை. என் கை செய்தது. எங்கள் வீட்டில் அப்பா இலையை மூடினால் எடுப்பது நான். எடுத்து நேரே மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோவேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். கண்ணில் நீர் முட்ட, மூன்று இலைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வாரி எடுத்துக்கொண்டு, ஆடுகதவை முதுகால் தள்ளி ஹாலுக்குள் வந்துவிட்டேன்.

சாம்பார் சொட்டச் சொட்ட, வெள்ளைப் புடவையில் மஞ்சள் கோடு இறங்க, இரண்டு வரிசை ஆண்களுக்கு நடுவே ஊர்வலம் போனேன். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? எங்கே போறீங்க?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்: "மாடு எந்தப் பக்கம் கட்டியிருக்கீங்க?"

யாரோ ஒருவருக்குக் காபி புரையேறியது. அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு மலைக்கோட்டை உச்சிவரை கேட்டிருக்கும்.

"இதெல்லாம் நீங்க எடுக்கக் கூடாதும்மா. மூடி வச்சுட்டு எந்திரிச்சா எங்க ஆளுங்க எடுத்துக்குவாங்க" என்ற முதலாளி, பின்னாலேயே வந்து நின்ற அப்பாவைப் பார்த்து, "பாப்பா ஹோட்டலுக்கு இதான் முதல் தடவைங்களா?" என்று கேட்டார்.

அப்பா திரும்பிச் சர்வரைப் பார்த்தார். சர்வர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டார்.

"உண்மையச் சொல்லுங்க தம்பி. எம் பொண்ணு இங்க வந்திருக்கா?"

"அது வந்துங்க... எப்பவும் போல போடுங்கன்னு அம்மா அவ்வளவு கணீர்னு சொன்னாங்க. எனக்கு யாருன்னு தெரியல. தெரியலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப அந்த சாரு?"

"பொம்பளைங்க இங்க தனியா வர்றதில்லீங்களே. அடிக்கடி வர்றவங்கன்னா ஒரு சார் இருப்பாருன்னு நானா..."

"நெய் ரோஸ்ட்டு?"

"அது நல்லா போவுங்க. எல்லா சாருமே கேப்பாங்க."

அப்பா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சித்தப்பா மட்டும், அருமையான சாட்சி கெட்டுப்போன வக்கீல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இருந்தாலும் அண்ணே..." என்று ஆரம்பித்தார்.

"இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்டா" என்றார் அப்பா. "இலையை எங்க போடறதுன்னே இன்னும் தெரியல. இந்தப் படிப்போட எப்படி நிப்பாட்டுறது?"

அப்படித்தான் நான் டீச்சரானேன். என் புத்திசாலித்தனத்தால் ஊருக்குத் திரும்ப இருந்தவளை என் அசட்டுத்தனம் திருச்சியிலேயே நிறுத்திவைத்தது. இதை என் மாணவிகளிடம் மட்டும் சொல்வதில்லை.

வீட்டில் அந்தக் கதை ஓய்ந்தபாடில்லை. நான் சாப்பிட்டு எழுந்தால் போதும், "டீச்சரம்மா, மாடு எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்பார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று, அப்பா அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சார் வந்துட்டாரு! எப்பவும் போடுறதையே போடுங்க!" மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் நெளிந்தார். நான் கேசரித் தட்டோடு கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கல்யாணமான பிறகு, கதையைக் கேட்ட என் கணவர் அந்த ஹோட்டலைப் பார்த்தே தீரவேண்டும் என்றார். போனோம். அதே ஆடுகதவு, அதே சர்வர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என் கணவரைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்.

"வாங்க சார்! பார்த்து எத்தனை நாளாச்சு!"

என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "எப்பவும் போடுறதையே போடுங்க" என்றார்.

முறுகலாக ஒரு நெய் ரோஸ்ட் வந்தது. நான் அதில் பாதியைப் பிய்த்துக்கொண்டேன்.