மரிடிமின் சுவாஹிலிப் பரீட்சை

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எப்படிப் பெயிலாவது என்பதுதான் அரப் மரிடிமின் கவலை.

பதினோரு பசுக்கள், பால் சங்கத் தலைவர் பதவி, மாலையில் ஒரு குவளை புளித்த பால் என்று நிம்மதியாக இருந்த மனிதர். யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். பாராளுமன்றத்துக்கு நீதான் நிற்க வேண்டும் என்று குலத்துப் பெரியவர்கள் சொன்னபோதும் தலையாட்டிவிட்டார். நல்ல வேளையாக ஒரு சட்டம் இருந்தது. அந்நாளில் வேட்பாளர் மொழிக் குழுவின் முன் சுவாஹிலியில் வாசித்து, பேசித் தேற வேண்டும். மரிடிமின் சுவாஹிலி சந்தையில் கன்றுக்குட்டி விலை பேசும் அளவுதான்.

"எனக்கு அந்த பாஷை வராதுப்பா" என்று மனைவியின் தம்பி சோயிடம் வருத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

"அக்கா பன்னெண்டு வருஷம் டீச்சரா இருந்தவ. சொல்லிக் குடுக்க மாட்டாளா, மாமா?"

மறுநாளே மனைவி தாப்லெலே சுவாஹிலிச் செய்தித்தாளுடன் மாட்டுக்கொட்டிலுக்கு வந்துவிட்டாள். அவர் பால் கறக்க, அவள் உரக்க வாசிப்பாள். சலித்து விட்டுவிடுவாள் என்று மரிடிம் எல்லாவற்றையும் மறந்ததுபோல நடித்தார். அவள் சலிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் பத்து முறை வாசித்தாள். விளைவு, ஒருநாள் வாளியை உதைத்த பசுவை மரிடிம் தன்னையறியாமல் இலக்கணச் சுத்தமான சுவாஹிலியில் திட்டினார். கேட்டுக்கொண்டிருந்த சோய் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

பரீட்சையன்று தாப்லெலே, கடைத்தெருவில் வேலையிருக்கிறது என்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். மரிடிமுடன் இரண்டு லாரி நிறைய ஆட்கள் வந்தார்கள்.

குழுவின் முன் மரிடிம் வாயே திறக்காமல் உட்கார்ந்தார். நிதானமான ஆள் என்று குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் பாராட்டினார். பிறகு வாசிக்கக் கொடுத்தார்கள். மாட்டு உண்ணியைப் பற்றிய பத்தி. வேண்டுமென்றே திக்கித் திக்கி வாசித்தவர், உண்ணி போக மாட்டுக்கு மருந்துக் குளியல் மாதத்துக்கு ஒருமுறை போதும் என்ற வரி வந்ததும் பொறுக்க முடியாமல், அது தப்பு, வாரம் ஒருமுறை வேண்டும் என்று அழகான சுவாஹிலியில் ஐந்து நிமிடம் விளக்கிவிட்டார். தலைவர் மகிழ்ந்துபோய்ப் பேனாவை எடுத்தார்.

மரிடிமுக்கு வியர்த்தது. கடைசிக் கேள்வி, எதற்காகப் பாராளுமன்றம் போக விரும்புகிறீர்கள் என்பது. அவர் தாய்மொழிக்குத் தாவி, தன் பசுக்கள் ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்ல ஆரம்பித்தார். சுவாஹிலியில் சொல்லச் சொல்லி மூன்று முறை கேட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாவது பசுவில் தலைவர் மனமில்லாமல் 'தேறவில்லை' என்று எழுதினார்.

மரிடிம் வெளியே வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சோய் கண்ணைத் துடைத்தான். "பரவாயில்ல விடுடா. நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று தேற்றினார். உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி. மாலைக் கறவைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

லாரியில் ஏறப் போனபோது அலுவலகப் பியூன் ஒரு உறையுடன் ஓடி வந்தான்.

"ஐயா, இது பாஸ் சர்ட்டிபிகேட்டு. காலையில மொத வேட்பாளரா வந்து தேறிட்டாங்க உங்க வீட்டம்மா. நீங்க பெயிலாகி வெளிய வந்ததும் உங்க கையிலயே குடுக்கச் சொன்னாங்க."